அட்டையில் எழுதிய அலறல்: முங்கின் ஓவியம் இருமுறை களவு போனது குறித்த நிகழ்வு ஆய்வு

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் வரைந்த ‘அலறல்’, அதாவது சிவந்த வானத்தின் கீழ், பாலத்தில், காதைப் பொத்தி வாய் திறந்து நிற்கும் உருவத்தின் படம், பத்தாண்டு இடைவெளியில் ஒஸ்லோ நகரின் இரண்டு அருங்காட்சியகங்களிலிருந்து இரண்டு முறை களவு போனது. முதல் களவு 1994 பிப்ரவரி 12 அன்றும், இரண்டாவது 2004 ஆகஸ்ட் 22 அன்றும் நடந்தன. இரண்டு முறையும் படம் திரும்பக் கிடைத்தது. இவ்வளவும் அந்தந்த நாள்களில் உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் எழுதித் தீர்த்த செய்திதான். இருந்தாலும், இரு களவுகளையும், அவற்றின் மீட்பையும், பின்னர் நடந்த சீரமைப்பையும், அண்மைக் கால வேதியியல் ஆய்வையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது, திருடர்களின் துணிச்சலைக் காட்டிலும் வேறொன்று கண்ணில் படுகிறது. உலகம் முழுவதும் உருவமாக அறிந்திருந்த ஒரு படம், எளிதில் நனையக்கூடிய, மடங்கக்கூடிய, உதிரக்கூடிய ஓர் அட்டைத் துண்டு என்பதை நினைவில் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. அதைக் கீழ்த்தளத்துக்கு இறக்கியவர்களும், கம்பியில் தொங்கவிட்டவர்களும், சட்டகத்தோடு பிடுங்கிச் சென்றவர்களும் இந்த ஒரு மறதியில் ஒத்துப்போகிறார்கள் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

எந்த ‘அலறல்’?

தொடக்கத்திலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. களவு போனது இருமுறையும் ஒரே படம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள், அது தவறு. முங்க் இந்த உருவத்தை வண்ணத்தில் நான்கு முறை செய்திருக்கிறார். 1893ஆம் ஆண்டில் இரண்டு: ஒன்று கிரேயானில் வரைந்தது, இன்று முங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; மற்றொன்று எண்ணெய் வண்ணம், டெம்பெரா (முட்டை போன்ற பசைப்பொருளில் குழைத்த வண்ணம்), பேஸ்டல் (வண்ணத்தூளை இறுக்கிய குச்சி) மூன்றையும் கலந்து செய்தது, 91 சென்டிமீட்டர் உயரமும் 73.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது, ஒலாஃப் ஸ்கோ என்ற கலை ஆர்வலரின் கொடையாக 1910இல் தேசிய ஓவியக்கூடத்துக்கு வந்தது. 1895ஆம் ஆண்டின் பேஸ்டல் வடிவம் தனியாரிடம் இருந்து, 2012 மே மாதம் நியூயார்க்கில் ஏறக்குறைய 12 கோடி டாலருக்கு ஏலம் போனது. நான்காவது, டெம்பெராவில் செய்த வடிவம். அதை இப்போது பெரும்பாலும் 1910ஐ ஒட்டிய காலத்ததாகக் கணிக்கிறார்கள். முந்தைய ஓவியம் கைவிட்டுப் போனதால் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று முங்க் அதை மறுபடி வரைந்திருக்கலாம் என்பது அந்தக் கணிப்பை ஒட்டி எழுந்த ஊகம். இவை தவிர 1895இல் கருப்பு வெள்ளையில், கல்லில் வரைந்து படியெடுக்கும் கல்லச்சாகவும் அவர் இதை வெளியிட்டார். உருவம் ஊரெங்கும் பரவியதற்கு முதற்காரணம் அந்தக் கல்லச்சுதான்.

1994இல் போனது தேசிய ஓவியக்கூடத்தின் 1893ஆம் ஆண்டு ஓவியம். 2004இல் போனது முங்க் அருங்காட்சியகத்தின் டெம்பெரா ஓவியம். நான்கு வண்ண வடிவங்களும் அட்டையில் செய்தவை.

அட்டை என்ற இந்தச் செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். துணியில் எழுதும் ஓவியர் முதலில் அதற்கு ஓர் அடிப்பூச்சு கொடுத்து, வண்ணம் நார்களுக்குள் இறங்காதபடி தடுப்பார். வேலை முடிந்த பின் மேலே வார்னிஷ் பூசி, தூசியும் ஈரமும் அண்டாமல் மூடுவார். முங்க் இந்த ஓவியத்தில் அடிப்பூச்சு கொடுக்கவில்லை. அட்டையின் பழுப்பு நிறம் பல இடங்களில் வண்ணம் ஏறாமல் அப்படியே தெரிகிறது. அந்தப் பழுப்பும் ஓவியத்தின் நிறங்களில் ஒன்றாகவே வேலை செய்கிறது. வண்ணம் சில இடங்களில் அட்டைக்குள் உறிஞ்சப்பட்டு மங்கியும், சில இடங்களில் குழம்பாகத் தடித்தும் நிற்கிறது. அவசரத்தில் எழுதியது போன்ற இந்தத் தோற்றம்தான் ஓவியத்தின் வேகத்துக்குக் காரணம். அதன் நோய்க்கும் அதுவே காரணம்.

ஓவியம் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததே. ஒஸ்லோ நகரத்துக்கு மேலே உள்ள ஏக்கெபெர்க் மேட்டுப் பாதையில் இரு நண்பர்களோடு நடந்து கொண்டிருந்தபோது வானம் திடீரென்று இரத்தச் சிவப்பாக மாறியதாகவும், நண்பர்கள் முன்னே நடந்துவிட, தாம் சோர்ந்து வேலியில் சாய்ந்து நின்று இயற்கையின் ஊடே ஒரு பெரும் அலறல் செல்வதை உணர்ந்ததாகவும் முங்க் 1892 ஜனவரியில் நீஸ் நகரிலிருந்து எழுதிய குறிப்பில் சொல்கிறார். ஆகவே படத்தில் இருக்கும் உருவம் தான் அலறுவதாகக் கொள்வதைவிட, அலறலைக் கேட்கப் பொறுக்காமல் காதைப் பொத்திக்கொள்வதாகக் கொள்வதே அவருடைய சொற்களுக்குப் பொருந்தும். தாயை ஐந்து வயதிலும் மூத்த சகோதரி சோபியைப் பதின்மூன்று வயதிலும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். ஆனால் அந்தத் துயரத்தை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடும் பழக்கம் அவருடைய தொழில்திறனை மறைத்துவிடுகிறது.

1994: ஏணியும் அஞ்சலட்டையும்

1994 பிப்ரவரி 12, சனிக்கிழமை. அன்றுதான் லில்லெஹாமர் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் தொடங்க இருந்தன. உலகத்தின் பார்வை நார்வே மீது விழும் அந்த நாள்களை ஒட்டித் தேசிய ஓவியக்கூடம் தன்னிடமுள்ள சிறந்தவற்றை வருகிறவர்கள் எளிதில் காணும்படி மாற்றி அமைத்திருந்தது. ‘அலறல்’ மேலே தனக்கிருந்த வழக்கமான இடத்திலிருந்து கீழே ஒரு கூடத்துக்கு இறக்கப்பட்டு, சன்னலுக்கு அருகே மாட்டப்பட்டிருந்தது. காவல்துறையின் பெரும்பகுதியோ ஒலிம்பிக் பாதுகாப்பில் ஈடுபட்டிருந்தது.

காலை ஆறரை மணி அளவில், இருள் விலகும் முன், இரண்டு பேர் சுவரில் ஒரு ஏணியைச் சாய்த்தார்கள். சன்னல் கண்ணாடியை உடைத்து ஒருவன் உள்ளே இறங்கினான். படத்தைத் தாங்கிய கம்பியை வெட்டினான். படத்தை ஏணி வழியே சறுக்கி இறக்கினான். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்காணிப்புக் கேமரா இதைப் பதிவு செய்தது. எச்சரிக்கை மணியும் அடித்தது. ஆனால் பணியில் இருந்தவர் அதை வழக்கமான பொய் ஒலி என்று எண்ணி நிறுத்திவிட்டார். போகிறவர்கள் ஓர் அஞ்சலட்டையை விட்டுச் சென்றார்கள். அதில் மோசமான பாதுகாப்புக்கு நன்றி என்று எழுதியிருந்தது.

இந்த அஞ்சலட்டை அன்றைக்கு உலகத்தைச் சிரிக்க வைத்தது. உண்மையில் அது ஓர் அறிக்கைக்குச் சமமான சான்று. அந்த ஒற்றை வரியில் குறிப்பிடப்படும் குறைபாட்டைப் பிரித்துப் பார்த்தால், பூட்டோ கேமராவோ மணியோ இல்லாமல் இருந்தது குறை ஆகாது. அவை எல்லாமே இருந்தன. விருந்தினர் வருகிறார்கள் என்பதற்காகப் படத்தை நகர்த்திய முடிவும், நகர்த்திய இடத்துக்கு ஏற்ப எதையும் மாற்றாமல் விட்ட முடிவும்தான் குறை. கல்யாண வீட்டில் நகையை எல்லோரும் பார்க்கும்படி கூடத்தில் வைத்துவிட்டு, பெட்டியின் சாவியை மட்டும் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டதைப் போன்றது இது.

படத்துக்குத் திருட்டுக் காப்பீடு இல்லை. தேசத்தின் சொத்தைத் தேசமே பொறுப்பேற்கும் என்பது அந்நாட்டு நடைமுறை. எனவே திருடர்கள் பேரம் பேச வேண்டிய காப்பீட்டு நிறுவனம் என்று ஒன்று இல்லாமல் போனது; உலகம் அறிந்த அந்தப் படத்தை வெளிச்சந்தையில் விற்கவும் வழியில்லை. அடுத்த சில வாரங்களில் ஆளாளுக்கு உரிமை கோரினார்கள். கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் சிலர், தங்கள் பிரசாரப் படத்தை நார்வே தொலைக்காட்சி ஒளிபரப்பினால் ஓவியம் திரும்பும் என்று குறிப்புக் காட்டினார்கள். அவர்களுக்கும் களவுக்கும் தொடர்பில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. மார்ச் மாதத்தில் பத்து லட்சம் டாலர் கேட்டு ஒரு கோரிக்கை வந்தது. அது உண்மையான திருடர்களிடமிருந்து வந்ததா என்று உறுதி இல்லாததால் ஓவியக்கூடம் பணம் தர மறுத்தது.

மெழுகுத் துளியே அடையாளம்

மீட்பு, பொறி வைத்துப் பிடிக்கும் முறையில் நடந்தது. நார்வே காவல்துறையினர் லண்டன் காவல்துறையின் மறைவுப் பணிப் பிரிவிடம் உதவி கேட்டார்கள். அங்கிருந்து வந்த துப்பறிவாளர் சார்லஸ் ஹில், கலிபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகத்துக்காகப் படத்தை மீட்டுத்தரப் பணத்தோடு வந்திருக்கும் ஆள் என்று நடித்தார். அந்த அருங்காட்சியகமும் இந்த வேடத்துக்கு ஒப்புதல் அளித்து உதவியது. 1994 மே 7 அன்று, ஒஸ்லோவுக்குத் தெற்கே கடலோர ஊரான ஒஸ்கோர்ஸ்ட்ராண்டில் படம் அவருடைய கைக்கு வந்தது. முங்க் வீடு வாங்கிப் பல கோடைகளைக் கழித்த ஊர் அது. தற்செயல்தான் என்றாலும், படம் சொந்த ஊருக்கு ஒளிந்துகொள்ளப் போனது போலத்தான் இருக்கிறது.

ஹில் அது அசல் என்று எப்படி உறுதி செய்துகொண்டார் என்பது இந்த ஆய்வுக்கு முக்கியமானது. போலி செய்கிறவர்கள் முகத்தையும் வானத்தையும் பாலத்தையும் நன்றாகவே நகல் எடுத்துவிடுவார்கள். அவர் பார்த்தது கீழ் மூலைப் பக்கம் தெறித்துக் கிடந்த மெழுகுத் துளிகளை. முங்க் மெழுகுவத்தியை ஊதி அணைத்தபோது தெறித்தவை என்று அவர் கொண்டார். அட்டையின் மறுபக்கத்தில் முங்க் தொடங்கிக் கைவிட்ட இன்னொரு வரைவு இருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதாவது, அந்த ஒருநாள் மட்டும் ஒரு மனிதர் இந்தப் படத்தை உருவமாகப் பார்க்காமல் பொருளாகப் பார்த்தார். பின்பக்கமும் கறையும் உள்ள ஓர் அட்டையாகப் பார்த்தார். அதனால்தான் அடையாளம் கண்டார்.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தின் மேல் இன்னும் ஒரு வெள்ளைக் கறை உண்டு. உருவத்தின் கைக்கு அருகில் இருக்கிறது. அது பறவையின் எச்சம் என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணமும் இருந்தது. முங்க் தம் ஓவியங்களை வெயிலிலும் மழையிலும் பனியிலும் வெளியே போட்டுவைப்பார். அதைத் தாங்கி நிற்பதே நல்ல ஓவியம் என்பது போன்ற ஒரு கடுமையான வைத்தியத்தை அவர் பின்பற்றினார். ஏக்கெலியில் அவர் வாழ்ந்த வீட்டில் பலகைச் சுவர் எழுப்பிய திறந்தவெளிப் பணிக்கூடங்களே இருந்தன. ஆனால் 2016இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கறையை எக்ஸ் கதிர்களால் சோதித்தபோது வெள்ளை நிறமிக்கோ எச்சத்துக்கோ உரிய பொருள்கள் தென்படவில்லை; ஒரு சிறு துகளை ஹாம்பர்க் நகரின் துகள்முடுக்கி மையத்தில் ஆராய்ந்தபோது அதுவும் மெழுகு என்று தெரிந்தது. பணிக்கூடத்தில் எரிந்த மெழுகுவத்தியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். துப்பறிவாளர் கண்ணால் கண்டு சொன்னதற்கு 22 ஆண்டுகளுக்குப் பிறகு, பக்கத்துக் கறை ஒன்றுக்கு, ஆய்வகமும் அதே விடையைத் தந்தது.

வழக்கின் முடிவு அவ்வளவு நிறைவாக இல்லை. 1996 ஜனவரியில் நான்கு பேர் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டார்கள். முதன்மையானவர் பால் எங்கர். வோலெரெங்கா கழகத்துக்காகக் கால்பந்து ஆடியவர், 1988இல் முங்க் அருங்காட்சியகத்திலிருந்து ‘காட்டேரி’ ஓவியத்தைத் திருடித் தண்டனை பெற்றவர். அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறை கிடைத்தது. பிரிட்டிஷ் காவலர்கள் பொய்யான அடையாளத்தில் நார்வேக்குள் நுழைந்தார்கள் என்ற சட்டக் காரணத்தால் மற்றவர்கள் மேல்முறையீட்டில் விடுபட்டார்கள். முங்கின் படத்தை ஏற்கெனவே ஒருமுறை திருடிய ஒருவர் அதே நகரில் இருக்க, அதே ஓவியரின் மிகப் புகழ்பெற்ற படம் சன்னலோரத்துக்கு மாற்றப்பட்டது என்பதை இப்போது எண்ணிப் பார்க்கையில் வியப்பாகத்தான் இருக்கிறது.

2004: பட்டப்பகலில்

முங்க் 1944 ஜனவரி 23 அன்று இறந்தபோது, தம்மிடம் இருந்த அனைத்தையும் ஒஸ்லோ நகரத்துக்கு எழுதிவைத்திருந்தார்: ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள், பல்லாயிரம் அச்சோவியப் படிகள், கோட்டோவியங்கள், கடிதங்கள், வண்ணக் குழாய்கள். அவற்றுக்காக நகராட்சி 1963இல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில், கிழக்கு ஒஸ்லோவின் தோயன் பகுதியில் ஒரு அருங்காட்சியகத்தைத் திறந்தது. உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதி அது; எவரும் எளிதில் உள்ளே வந்து ஓவியத்துக்கு அருகில் நிற்கலாம் என்ற எண்ணத்தோடு கட்டியது. அந்த எண்ணத்தை இழித்துச் சொல்ல இக்கட்டுரையாளருக்கு மனமில்லை.

2004 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணியைச் சற்றுத் தாண்டிய நேரம். கூடத்தில் பார்வையாளர்கள் இருந்தார்கள். முகமூடி அணிந்த இருவர் உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் துப்பாக்கியைக் காட்டிப் பணியாளர்களையும் பார்வையாளர்களையும் அடக்கி வைக்க, மற்றவன் ‘அலறல்’ ஓவியத்தையும் ‘மடோனா’ ஓவியத்தையும் சுவரிலிருந்து பிடுங்கினான். படங்கள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன; பலங்கொண்டு இழுத்ததும் வந்துவிட்டன. வெளியே காத்திருந்த கறுப்பு ஆடி காரை நோக்கி அவர்கள் ஓவியங்களோடு ஓடுவதை வழியில் நின்ற ஒருவர் படம் எடுத்திருக்கிறார். உலகெங்கும் அச்சான அந்தப் புகைப்படத்தில் ஓவியங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தெரிவது கையில் அடங்காமல் முட்டிக்கொள்ளும் இரண்டு சட்டகங்கள்தான்.

ஓசையில்லாத எச்சரிக்கை மணி காவல்துறைக்குச் செய்தி சொன்னது. அவர்களும் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தார்கள். ஆனால் சில நிமிடங்களே அதிகம். காரைப் பிற்பாடு கண்டெடுத்தபோது, தடயம் அழியத் தீயணைப்பான் தூளை உள்ளே அடித்திருந்தது தெரிந்தது. உடைந்த சட்டகமும் கண்ணாடியும் தனியே கிடந்தன. ஆக, திருடிய சிறிது நேரத்துக்குள்ளேயே, அடிப்பூச்சும் மேற்பூச்சும் இல்லாத ஓர் அட்டை தன் ஒரே காப்பான சட்டகத்தையும் கண்ணாடியையும் இழந்திருந்தது. அன்று படத்துக்கு நேர்ந்தவற்றில் மிகக் கொடியது இதுதான். ஆனால் செய்திகள் எல்லாம் துப்பாக்கியைப் பற்றியே பேசின.

இந்தப் படங்களுக்கும் திருட்டுக் காப்பீடு இல்லை. தீயால், நீரால் நேரும் சேதத்துக்கு மட்டும் இருந்தது. ஈரத்தால் சேதமடைந்து திரும்பிய படத்தின் வரலாற்றில் இந்த முரண் தனியாகக் குறிக்கத்தக்கது.

களவின் நோக்கம் பணம் பறிப்பதா என்பதில் தொடக்கத்திலேயே ஐயம் எழுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று ஸ்டவாங்கர் நகரில் நோகாஸ் என்ற பண மையத்தை ஆயுதக் கும்பல் ஒன்று கொள்ளையிட்டது. ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டையே உலுக்கிய அந்தக் கொள்ளையின் விசாரணையிலிருந்து காவல்துறையின் கவனத்தைத் திருப்புவதற்காகவே ஓவியங்கள் திருடப்பட்டன என்று நார்வே ஊடகங்கள் பரவலாக எழுதின. அப்படியானால் ஓவியம் பணயப் பொருளாகக்கூட இருக்கவில்லை. ஊரின் கண்ணைக் கட்டும் ஒரு திரைச்சீலையாக மட்டுமே இருந்தது. 2005 வசந்த காலத்தில் படங்கள் எரிக்கப்பட்டுவிட்டதாகக்கூட ஒரு செய்தித்தாள் எழுதியது.

அருங்காட்சியகம் பத்து மாதம் மூடிக்கிடந்தது. 2005இல் மறுபடி திறந்தபோது, விமான நிலையத்தில் இருப்பது போன்ற சோதனைக் கருவிகளும் தடித்த கண்ணாடித் தடுப்புகளும் இருந்தன. கோட்டை என்றே ஊரார் கேலி பேசினார்கள். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நம் ஊரில் சொல்வார்கள். எனினும், இந்தக் கோட்டையும் ஆயுதத்தோடு வரும் ஆளைத் தடுக்க எழுந்ததே தவிர, அட்டையின் உடல்நலத்தை எண்ணி எழுந்ததாகத் தெரியவில்லை.

2006 மே மாதம் ஒஸ்லோ நீதிமன்றம் மூவருக்கு நான்கு முதல் எட்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. மூவரை அப்போதைக்கு விடுவித்தது. தண்டனை பெற்றவர்களில் இருவர் 75 கோடி குரோனர் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பில் இருந்தது. தீர்ப்பு வெளியானபோது படங்கள் இன்னும் கிடைத்திருக்கவில்லை. 2006 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை இரண்டையும் மீட்டதாக அறிவித்தது.

சேதத்தைக் காட்டிய ஐந்து நாள்கள்

மீட்ட படங்களின் நிலை அஞ்சிய அளவுக்கு மோசமில்லை என்று அறிவித்தார்கள். ‘மடோனா’ துணியில் எழுதியது. அதில் கிழிசலும் துளைகளும் இருந்தன. துணியில் கிழிசலைச் சேர்ப்பதற்கு நூற்றாண்டுகளாகத் தேர்ந்த முறைகள் உண்டு. ‘அலறல்’ படத்திலோ கீழே இடது மூலையில் ஏதோ ஒரு திரவம் பட்டு, அட்டைக்குள் ஊறி, வண்ணத்தைக் கரைத்துப் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தது. மூலைகளும் அடிபட்டிருந்தன. அட்டைக்குள் ஊறியதை வெளியே எடுப்பது கடினம். மேலே புதிதாக வண்ணம் பூசி மறைப்பது எளிது, ஆனால் அது முங்கின் வேலை ஆகாது.

இந்த நேரத்தில் அருங்காட்சியகம் எடுத்த ஒரு முடிவு இந்த நிகழ்வு முழுவதிலும் பாராட்டுக்குரியது. சீரமைப்பைத் தொடங்கும் முன், 2006 செப்டம்பர் 27 முதல் ஐந்து நாள்கள், இரண்டு படங்களையும் சேதத்தோடு அப்படியே பொதுமக்களுக்குக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். குவளையிலும் சட்டையிலும் சுவரொட்டியிலும் ஆயிரம் முறை பார்த்த உருவத்தைத் தேடி வந்தவர்கள், அன்றைக்கு மூலையில் ஊறிய கறையைப் பார்த்தார்கள்.

சீரமைப்பு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நடந்தது. 2008 மே மாதம் இரண்டு படங்களும் மறுபடி சுவருக்கு வந்தன. கீழ் இடது மூலையின் கறை முற்றாகப் போகவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டதை இக்கட்டுரையாளர் தோல்வியாகக் கருதவில்லை. மெழுகுத் துளி ஒரு காலத்தில் அடையாளமாக உதவியது போல, இந்தக் கறையும் இனி இந்த அட்டையின் வரலாற்றில் ஒரு பதிவு. 1893ஆம் ஆண்டு வடிவத்தின் மேல் இடது மூலையில் பென்சிலால் எழுதிய ஒரு சிறு வரி உண்டு. பித்துப் பிடித்தவனால்தான் இதை வரைந்திருக்க முடியும் என்பது அதன் பொருள். 1904இல் கோபன்ஹேகன் காட்சியின்போது கவனத்துக்கு வந்த அந்த வரியை, யாரோ கோபக்காரப் பார்வையாளர் கிறுக்கியது என்று பலர் எண்ணிவந்தார்கள். 2021இல், தேசிய ஓவியக்கூடத்தைத் தன்னுள் கொண்ட தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புக் கதிர்ப்படம் எடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, எழுதியவர் முங்கேதான் என்று அறிவித்தது. கறை என்று துடைத்திருந்தால் ஓவியரின் சொந்தக் கசப்பே போயிருக்கும்.

மெதுவாக நடக்கும் களவு

2004இன் திருடர்கள் எடுத்துப் போன அதே டெம்பெரா ஓவியத்தில் இன்னொரு இழப்பும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஏணியும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். அந்திவானத்திலும் உருவத்தின் கழுத்துப் பகுதியிலும் முங்க் பூசிய பளிச்சென்ற மஞ்சள் வெளுத்து வெண்மையாகிக்கொண்டிருந்தது. படத்தின் நீர்ப்பரப்பில் தடித்துப் பூசிய வண்ணம் செதிலாக உதிரும் நிலைக்கு வந்திருந்தது. அந்த மஞ்சள், காட்மியம் சல்பைடு என்ற வேதிப்பொருளிலிருந்து செய்யும் காட்மியம் மஞ்சள். அது சிதைந்து காட்மியம் சல்பேட்டாக மாறும்போது நிறம் இழக்கிறது.

இதற்குக் காரணம் ஒளி என்றே நெடுநாள் எண்ணிவந்தார்கள். அருங்காட்சியகங்களில் விளக்கைக் குறைப்பது அதனால்தான். இத்தாலிய ஆய்வாளர் லெத்தீசியா மோனிக்கோவும் பல நாட்டு அறிவியலாளர்களும் இந்த ஓவியத்தை அருங்காட்சியகத்திலேயே வைத்துத் தொடாமல் சோதித்தும், அதிலிருந்து எடுத்த மிகச் சிறிய துகள்களைப் பிரான்சின் கிரனோபிளில், செறிந்த எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் ஒத்தியக்க முடுக்கி மையத்தில் ஆராய்ந்தும், 2020 மே மாதம் முடிவை வெளியிட்டார்கள். முங்க் வைத்திருந்த வண்ணக் குழாயிலிருந்தே மஞ்சளை எடுத்து, அதைச் செயற்கையாக மூப்படையச் செய்தும் ஒப்பிட்டார்கள். நகரத்துக்கு எழுதிவைத்த சொத்தில் பிதுங்கிக் காய்ந்த குழாய்களும் அடங்கியிருந்தது இங்கே கைகொடுத்தது. அவர்கள் கண்டது இது: சிதைவுக்கு முதன்மைக் காரணம் ஈரப்பதம். வண்ணத்தில் தூய்மைக் குறைவாகக் கலந்திருந்த குளோரைடுகள் அதை விரைவுபடுத்துகின்றன. ஒளியின் பங்கு சிறிது. எனவே காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை 45 சதவீதம் அல்லது அதற்குக் கீழே வைத்தால், வழக்கமான விளக்கொளியில் படத்தைக் காட்டலாம்.

அருங்காட்சியகக் கூடத்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது? வெளியே பெய்யும் மழையிலிருந்து ஒரு பங்கு. உள்ளே நெருக்கி நிற்கும் மனிதர்களின் மூச்சிலிருந்து ஒரு பங்கு. ஆகவே, படத்தைக் கொண்டுபோய் நனைத்தவர்கள் செய்ததையே, மிகச் சிறிய அளவில், மிகுந்த அன்போடு, பார்க்க வந்த ஒவ்வொருவரும் செய்து வந்திருக்கிறோம். இந்த ஓவியம் 2006க்குப் பிறகு மிக அரிதாகவே வெளியே காட்டப்பட்டது என்பதை இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இன்று

2021 அக்டோபர் 22 அன்று ஒஸ்லோ துறைமுகப் பகுதியான பியோர்விகாவில் 13 தளங்களோடு புதிய முங்க் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மேற்பகுதி நகரத்தை நோக்கிக் குனிந்து நிற்கும் அந்தக் கட்டடத்தை அழகு என்பவர்களும் அவலட்சணம் என்பவர்களும் இன்னும் வழக்காடுகிறார்கள். அந்த வாதம் இங்கே தேவையில்லை. கவனிக்க வேண்டியது உள்ளே ‘அலறல்’ காட்டப்படும் முறை. இருண்ட ஒரு தனிக்கூடத்தில் டெம்பெரா ஓவியம், கிரேயான் வடிவம், கல்லச்சு மூன்றும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே தெரியும். மற்ற இரண்டும் கதவுக்குப் பின்னால் இருளில் இருக்கும். குறித்த நேரம் போனதும் அது மூடிக்கொள்ள, அடுத்தது திறக்கும். எது தெரியும் நேரத்தில் நாம் உள்ளே போகிறோமோ அதுவே நமக்குக் கிடைக்கும். தொலைவிலிருந்து டெம்பெரா ஓவியத்தைக் காண வந்தவர்கள் கல்லச்சைக் கண்டு முகம் சுளிப்பதும் நடக்கிறது. 1994இல் விருந்தினர் வசதிக்காகப் படம் இடம் மாறியது. இப்போது படத்தின் வசதிக்காக விருந்தினர் காத்திருக்கிறார்கள்.

1893ஆம் ஆண்டு வடிவம், 2022 ஜூன் மாதம் திறந்த புதிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று, எண்ணெய் அகழ்வை எதிர்க்கும் சூழலியல் போராட்டக்காரர்கள் சிலர் அதன்மீது தங்களை ஒட்டிக்கொள்ள முயன்றார்கள். பசை கண்ணாடியில்தான் பட்டது. காவலர்கள் அவர்களை அப்புறப்படுத்திய பின், கண்ணாடியைத் துடைத்தார்கள். அதற்குப் பின்னால் அட்டை உலர்ந்திருந்தது.